முன் இடது சக்கரம்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் தடம்.
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
நான் பார்க்காத வண்டி இல்லை.
கிரானைட் பாளம் சுமந்த பதினான்கு சக்கரம்,
கோழிக்கூண்டு, ஓசூர் கம்பெனிப் பேருந்து,
சித்திரையில் மணத்தை முன்னால் அனுப்பிவிட்டு
பின்னால் வரும் மாங்காய் டெம்போ.
நான் கட்டுகிற வண்டி மட்டும்
இந்த வழி வந்ததில்லை.
வரவும் வராது.

அசலில் எட்டில் ஒரு பங்கு.
என் முழங்கை தொட்டு விரல்நுனி வரை நீளம்.
பானட் கிடையாது, மட்கார்டு கிடையாது,
எட்டு சிலிண்டர் எஞ்சின் வெட்கமில்லாமல் வெளியே தெரியும்.
பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சிறிது,
விசிலுக்குக் காத்துக் குனிந்து நிற்பவனைப் போல.
ஹாட் ராட் என்றேன்.
"சூட்டுக்கம்பியா?" என்றான் ஆறாம் தடத்துக் கோதண்டபாணி.
அப்படியே வைத்துக்கொள்.

பகலில் தூங்குவதில்லை, தேடுகிறேன்.
காவேரிப்பட்டணத்தில் நசுங்கிய மாம்பழக்கூழ் டின்: உடம்பு.
முகப்புக்குச் செங்குத்துக் கம்பிகள் வேண்டும்;
மூன்று மாதம் அலைந்தபின்
என் தலையில் பேன் வந்ததால் கிடைத்தது, எவர்சில்வர் சீப்பு.
புகைக்குழாய் எட்டும்
செத்துப்போன ரேடியோக்களின் ஏரியல்.
ஸ்டியரிங், கைக்குழந்தை வளையல்.
வளையல் கடைக்காரி கேட்டாள்: "எத்தனை மாசம்?"
"ரெண்டு வருஷமாச்சு" என்றேன்.

பெங்களூர் சாலை லேத்து முனிவெங்கடப்பா
அலுமினிய ரிம் கடையும்போது தலை நிமிராமல்,
"எந்த வண்டிக்கும்மா?"
"முப்பத்திரண்டு மாடல்."
"அதுக்கெல்லாம் ஸ்பேர் கிடைக்காதே."
அதனால்தான் அண்ணா
உங்கள் முன்னால் நிற்கிறேன்.

கழற்றிக் கழற்றி எறிந்து
எடை குறைத்து வேகம் பிடித்த வண்டியாம் அது.
எவனோ எறிந்ததையெல்லாம்
நான் பொறுக்கிக்கொண்டிருக்கிறேனோ என்று
சில சமயம் சிரிப்பு வரும்.

பின்சக்கரம் இரண்டும் பொம்மை டிராக்டரிடம் வாங்கினேன்.
முன் வலது, பழையபேட்டை அன்சர் பாஷா கடையில்,
ஒரு குப்பை மூட்டையின் அடியில்.
முன் இடது இல்லை.
மூட்டை மூட்டையாகக் கவிழ்த்தும் இல்லை.
"ஒத்தைச் சக்கரத்தை எவன்மா தூக்கிப் போடுவான்" என்றார் பாஷா.
போட்டிருக்கிறானே ஒருவன்!

பிறகு ஒரு நாள், விடிகாலை மூன்று பத்து.
நாமக்கல் பதிவு லாரி, முருகன் படத்துக்குக் கீழே
கயிற்றில் ஆடுகிறது குட்டி டயர்.
வரி வரியாய் அச்சு, நடுவில் ஓட்டை, அதே கறுப்பு.
வாய் திறப்பதற்குள் ஃபாஸ்டேக் பீப் என்றது,
தடுப்புக்கட்டை எழுந்தது,
மூன்று நொடி.
முன்பெல்லாம் ஜன்னல் வழியே கை நீளும், சில்லறை வரும்,
ஒரு வார்த்தையாவது வரும்.
இப்போது பீப்.

வண்டி எண்ணை உள்ளங்கையில் எழுதினேன்.
நாற்பத்தொரு இரவு.
அடுத்தவர் கணக்கில் பணம் தீர வேண்டும் என்று
யாராவது வேண்டிக்கொள்வார்களா?
நான் வேண்டிக்கொண்டேன்.

வந்தது. பீப் வரவில்லை. கட்டை எழவில்லை.
இரட்டைக் கட்டணம் என்றேன்.
அவர் என்னை, சாலையை, அரசாங்கத்தை,
அந்த வரிசையில் திட்டி நோட்டை எறிந்தார்.
மீதியை எண்ணிக் கொடுத்தபடி கேட்டேன்:
"அண்ணா, அந்த டயர்..."
"என்னது?"
மேசைக்கடியிலிருந்து எடுத்துக் காட்டினேன்,
மூன்று சக்கரத்தில் நொண்டி நின்ற சிவப்பை.
பின்னால் ஏழு வண்டி ஹாரன்.
அவர் மட்டும் அவசரப்படவில்லை.
"நெயில் பாலிஷா அடிச்சிருக்கே?"
"பதினோரு புட்டி."
கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அளந்து பார்த்தேன், இரண்டு மில்லிமீட்டர் பெரிது.
சீவித் தருகிறேன் என்கிறார் முனிவெங்கடப்பா.
வேண்டாம்.

விடிகாலையில் வண்டி ஓய்ந்த நேரம்
மேசையில் வைத்துத் தள்ளுகிறேன்.
நேராகப் போவதில்லை.
மெல்ல வலப்பக்கம் வளைந்து
சில்லறைப் பெட்டியில் முட்டி நிற்கிறது,
கட்டணம் கட்ட வந்ததைப் போல.